ஆய்வுகூடத்து அறிஞரும் கைத்துப்பாக்கியும்

போர்க்களத்தில் இலக்குவன் வீழ்ந்து கிடந்தபோது, உயிர்தரும் மருந்து எம்மலையில் உளது என்பதை அறிந்திருந்தவன் சாம்பவான். அதனைக் கொணரப் பறந்தவன் அனுமன். அறிந்தவன் ஒருவன், ஆற்றியவன் மற்றொருவன். முதியவனான சாம்பவானையே கடல் கடந்து தாவச் செய்தல் வேண்டுமெனக் கம்பர் கருதினாரல்லர். இக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை ஆக்குவோரோ அவ்வாறு கருதுகின்றனர்.

துப்பறியும் கதைகளிலே பகுப்பாய்வாளருக்குரிய இடம் நெடுங்காலம் சிறிதாகவே இருந்தது. வெண்ணிற மேலங்கியுடன் தோன்றுவார், இரத்தம் இன்ன வகையினது என்பார், மறைவார். கள்வனைத் துரத்துவது பொலிஸ் அதிகாரியின் தொழில். 1976 முதல் 1983 வரை ஒளிபரப்பான ‘குயின்சி’ என்னுந் தொடர், பிணப்பரிசோதனை செய்யும் வைத்தியர் ஒருவரைக் கதைத் தலைவராக்கி இவ்வெல்லையைச் சற்றே தளர்த்தியது. 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தொடங்கி 2015 வரை 15 பருவங்கள் நிகழ்ந்த ‘சி. எஸ். ஐ.’ அதனை முற்றாகவே அழித்துவிட்டது. லாஸ் வெகாஸ் நகரத்துத் தடய ஆய்வாளர்கள் அதில் கைத்துப்பாக்கி தரித்துச் செல்கின்றனர். ஐயத்துக்குரியோரைத் தாமே விசாரிக்கின்றனர்.

அத்தொடரில் வரும் கிரெக் சாண்டர்ஸ் என்னும் பாத்திரத்தை நோக்குக. முதலில் அவன் மரபணுச் சோதனைக்கூடத்தில் வேடிக்கை பேசிக்கொண்டிருக்கும் துணைமாந்தன். பின்னர்க் களத்துக்கு அனுப்பப்பட்டான். 2006 இல் வெளிவந்த ஒரு கதையில், ஒருவனைக் கூட்டமாகச் சேர்ந்து அடிப்போரைக் கண்டு, தன் வாகனத்தை அவர்கள்மீது செலுத்துகின்றான். தாக்கியோருள் ஒருவன் இறக்கின்றான். கிரெக் தானும் குற்றுயிராக அடிக்கப்படுகின்றான். சோதனைக் குழாயுடன் தொடங்கியவன் வந்து சேர்ந்த இடம் இது!

இவ்வாறு செய்வதற்குக் காரணம் உண்டு. சிந்தனையைப் படம்பிடித்தல் அரிது. ஒருவர் நுணுக்குக்காட்டியை மணிக்கணக்கில் நோக்குவதைப் பார்க்க எவர் அமர்ந்திருப்பர்? ஆண்டுதோறும் இருபதுக்கு மேற்பட்ட கதைகள் வேண்டும். விரும்பப்பட்ட நடிகரை அறைக்குள்ளேயே வைத்திருந்தால் அவருக்குக் கதை வற்றிப்போகும். மூவர் செய்யும் தொழிலை ஒருவர் செய்தால் கதையும் விரைவாக நடக்கும். நாடகம் எழுதிப் பழகியவர்கள் இதனைக் குறைகூறமாட்டார்கள். யானும் கல்லூரி மேடைக்கு எழுதியபோது மந்திரியையும் தூதுவனையும் ஒருவனாக்கியதுண்டு. அங்கே காரணம் நடிகர் பஞ்சம்.

ஆயினும் இங்கே இழக்கப்படுவது சிறிதன்று. மெய்யான ஆய்வுகூடத்தில் பணிபுரிவோர் பெரும்பாலும் ஐயத்துக்குரியோரின் முகத்தையும் காண்பதில்லை. மரபணுச் சோதனையின் முடிவு விளம்பர இடைவேளைக்குள் வந்துவிடுவதில்லை. நாள்களும் வாரங்களும் செல்லும். துரத்துவோரும் சோதிப்போரும் வேறாயிருப்பது வெறும் அலுவலக வசதியுமன்று.

2004 மார்ச்சில் மட்றிட் நகரப் புகையிரதங்களில் குண்டுகள் வெடித்து 190 பேருக்கு மேல் மாண்டனர். வெடிப்பிகள் இருந்த பையொன்றிற் கிடைத்த விரலடையாளம் ஓரிகன் மாநிலத்துச் சட்டத்தரணி ஒருவருடையதென அமெரிக்க எப். பி. ஐ. நிபுணர்கள் தீர்த்துரைத்தனர். ஸ்பானியப் பொலிஸார் ஏப்பிரலிலேயே ஐயம் தெரிவித்தனர். நிபுணர்கள் இணங்கவில்லை. மே மாதத்தில் அச்சட்டத்தரணி இரு வாரங்களாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். அடையாளம் அல்ஜீரியர் ஒருவருடையதென ஸ்பானியர் கண்டபின்னரே விடுதலையானார். எப். பி. ஐ. மன்னிப்புக் கோரியது. அவருடைய மதமும், அவர் முன்பு யாருக்காக வாதாடினார் என்ற செய்தியும், நிபுணர்கள் தம் முடிவை மீளாராயாமைக்குத் துணைநின்றிருத்தல் கூடும் என்று 2006 இல் வெளிவந்த அரச விசாரணை அறிக்கை கூறிற்று. ரேகைகளை ஒப்பிடுவோர் அறியவேண்டாத செய்திகள் அவை. குற்றவாளியைத் தாமே துரத்திச் செல்லும் தொலைக்காட்சி அறிஞருக்கு இத்தகைய செய்திகள் அனைத்தும் தெரியும். அவர் பிழைபடுவதுதான் அரிது.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், தான் தடய ஆய்வாளனாக விரும்புவதாகக் கூறினான். மகிழ்ந்தேன். “துவக்கும் தருவார்களா, ஐயா?” என்று அடுத்துக் கேட்டான். நுணுக்குக்காட்டி தருவார்கள் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், அதற்கு இரசாயனத்தில் எத்தகைய பெறுபேறு வேண்டும் என்று வினவினான்.