பத்து வருடம் முடிந்தால் மார்பக இம்ப்ளான்டை மாற்றத்தான் வேண்டுமா?

மார்பக இம்ப்ளான்ட் வைத்துப் பத்து வருடம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதை அகற்ற வேண்டியதில்லை. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் இந்தப் பத்து வருடக் கெடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதற்கும் இம்ப்ளான்டின் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உற்பத்தி நிறுவனங்கள் தம் இம்ப்ளான்ட் வைத்த பெண்களைப் பத்து வருடம் வரை கண்காணித்து அறிக்கை கொடுத்தன. ஆய்வு முடிந்த வருடத்தை இம்ப்ளான்ட் முடியும் வருடமாக ஊர் எடுத்துக்கொண்டது.

அந்த ஆய்வுகள் சொன்ன கணக்கு கவனிக்க வேண்டியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரையிலும், புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிய பின் வைத்துக்கொண்டவர்களில் இரண்டில் ஒருவர் வரையிலும் பத்து வருடத்துக்குள் அதை எடுக்க வேண்டி வந்தது. விளம்பரங்களில் அடிபடுவது முதல் கணக்கு. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ கண்டியிலோ புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து, பிறகு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ திரும்பும் பெண்ணுக்குப் பொருந்துவது இரண்டாவது.

‘ஆயுட்கால உத்தரவாதம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். பை கிழிந்தால் இன்னொரு பை கிடைக்கும் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இரண்டாவது சத்திரசிகிச்சையின் முழுச் செலவும், வார்ட்டில் படுத்த நாட்களும், வேலைக்குப் போகாமல் விழாத பேரும் (நாட்சம்பளமும்) அந்தக் காகிதத்தில் வருவதில்லை.

உடல் கட்டும் உறை

மறு சத்திரசிகிச்சை எப்போது தேவை என்ற கேள்வியின் பெரும்பகுதி, இம்ப்ளான்டைவிட அதைச் சுற்றி உடல் தானே கட்டிக்கொள்ளும் உறையில்தான் இருக்கிறது. உள்ளே வைக்கப்படும் அந்நியப் பொருளை அழிக்கவும் முடியாமல், வெளியே தள்ளவும் முடியாமல் போகும்போது, உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு மெல்லிய சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது. இதய பேஸ்மேக்கருக்கும் இதுவே நடக்கிறது. இம்ப்ளான்ட் வைத்த எல்லோருக்கும் இந்த உறை உண்டு; அது நோயில்லை. பை இடம் மாறாமல் இருக்க அது உதவவும் செய்கிறது.

சிக்கல் தொடங்குவது உறை சுருங்கும்போது. சிலருக்கு அது தடித்து, உள்ளிருக்கும் மென்மையான பையை எல்லாப் பக்கமிருந்தும் இறுக்குகிறது. மார்பு கல்லாகிறது, மேலே ஏறுகிறது, வடிவம் கெடுகிறது, கடைசியில் வலிக்கிறது. வைத்தியர்கள் இதை ‘பேக்கர்’ என்ற நான்கு படி அளவால் குறிக்கிறார்கள். முதல் படியில் மார்பு மென்மையாக, இயல்பாக இருக்கும். இரண்டாம் படியில் தொட்டால் சற்று இறுக்கம் தெரியும். பார்வைக்கு வித்தியாசம் இராது. மூன்றில் வடிவம் கெட்டது கண்ணுக்கே தெரியும். நான்கில் வலியும் சேரும். சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு பொதுவாக மூன்றிலும் நான்கிலும்தான் எழுகிறது. பெயரைக் கேட்டால் கருவி வைத்து அளந்த மாதிரி இருந்தாலும், அளப்பது வைத்தியரின் கைவிரல். ஒருவருக்கு இரண்டாகப் பட்டது இன்னொருவருக்கு மூன்றாகப் படலாம். ஆகவே படி எண்ணை மட்டும் கேட்டு முடிவெடுப்பதைவிட, ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுவது பயனுள்ளது.

உறை ஏன் சிலருக்கு மட்டும் சுருங்குகிறது? சத்திரசிகிச்சையின்போது தேங்கிய இரத்தம், பையின் மேற்பரப்பில் ஒட்டிப் படலமாகத் தங்கிவிடும் பக்டீரியா ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மிகத் தெளிவான காரணம் கதிர்வீச்சுச் சிகிச்சை. நெஞ்சுப் பகுதிக்குக் கதிர் கொடுக்கப்பட்டவர்களுக்கு இந்த இறுக்கம் வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. புற்றுநோயாளிகளின் கணக்கு அவ்வளவு உயர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1970களில் இறுகிய மார்பைக் கையால் பலமாக அமுக்கி உறையை உடைக்கும் வழக்கம் வைத்தியர்களிடையே இருந்தது. உறையோடு பையும் கிழிந்ததால் அது கைவிடப்பட்டது. இறுக்கத்துக்கு அழுத்தித் தேய்க்கச் சொல்லும் யோசனை எங்கிருந்து வந்தாலும் கேட்க வேண்டாம்.

சத்தமில்லாத கிழிசல்

உறையின் இரண்டாவது குணம் இன்னும் தொல்லையானது: அது உண்மையை மறைக்கிறது. உப்புநீர் நிரப்பிய பை கிழிந்தால் சில நாட்களில் மார்பு வற்றிவிடும். நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். யாரும் சொல்லாமலே தெரியும். சிலிக்கன் ஜெல் அப்படி ஓடுவதில்லை. பையின் ஓடு கிழிந்தாலும் ஜெல் உடல் கட்டிய உறைக்குள்ளேயே நிற்கிறது. வடிவம் மாறாது, வலி இராது. கண்ணாடி முன் நின்று பார்த்தாலும், கிளினிக்கில் வைத்தியர் தொட்டுப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். மெமோகிராம் இதற்குப் பெரிதாக உதவாது. அல்ட்ராசவுண்ட் ஓரளவு காட்டும்; எடுப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது. எம்.ஆர்.ஐ. தான் தெளிவாகக் காட்டுகிறது: கிழிந்த ஓடு மடிந்து, சாற்றில் மிதக்கும் நூடில்ஸ் போல வளைந்த கோடுகளாக ஜெல்லுக்குள் கிடக்கும்.

இதனால்தான் அறிகுறி இல்லாதவர்களுக்கும் பரிசோதனை சொல்லப்படுகிறது. முன்பு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை, மூன்றாம் வருடம் எம்.ஆர்.ஐ., பின்னர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றிருந்தது. 2021 ஒக்டோபரில் அது தளர்ந்தது: சிலிக்கன் பை வைத்த ஐந்தாம் அல்லது ஆறாம் வருடத்தில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அல்ட்ராசவுண்டும் போதும் என்ற இந்தத் திருத்தம் மலையகத்துக்குத் தோதானது. எம்.ஆர்.ஐ. என்றால் பலருக்கும் கண்டிக்கோ கொழும்புக்கோ பயணம். அன்றைய பேரும் போய்விடும். அல்ட்ராசவுண்டில் சந்தேகம் வந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம்.

கிழிசல் உறுதியானால், வலி இல்லாவிட்டாலும் பையை எடுத்துவிடுவதே வழமையான ஆலோசனை. அன்றிரவே ஓட வேண்டிய அவசரம் அதில் இல்லை. ஜெல் உறையையும் தாண்டிக் கசிந்தால் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளில் சேரலாம். புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவரின் அக்குளில் கட்டி தட்டுப்பட்டால் மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அது நோய் திரும்பியதாகவும் இருக்கலாம், வெறும் சிலிக்கனாகவும் இருக்கலாம். ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் பிரித்துச் சொல்லும். ‘சிலிக்கனாகத்தான் இருக்கும்’ என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

ஓர் எச்சரிக்கை. இம்ப்ளான்டுக்கு முன் தோலை விரிக்கத் தற்காலிகமாக வைக்கப்படும் ‘எக்ஸ்பாண்டர்’ பைகள் பலவற்றில் காந்தம் உண்டு. அதை வைத்திருப்பவர் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையுமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முத்திரையை எவ்வளவு நம்பலாம்?

பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் ஐரோப்பாவின் ‘சி.ஈ.’ முத்திரையுடன் உலகம் முழுவதும் இம்ப்ளான்ட் விற்றது. உள்ளே இருந்தது அனுமதி பெறாத, மலிவான தொழிற்சாலைச் சிலிக்கன் என்பது 2010 மார்ச்சில் அம்பலமானது. முத்திரைக்குச் சான்று கொடுத்தது ஜெர்மனியின் ரீயுஎஃப் ரைன்லாண்ட். பரிசோதகர்கள் வருவது முன்கூட்டியே தெரிந்ததால் தொழிற்சாலை தன்னைத் தயார்படுத்திக்கொள்ள முடிந்தது. முன்னறிவிப்பின்றிச் சோதனை செய்ய வேண்டிய பொதுவான கடமை சான்று கொடுக்கும் நிறுவனத்துக்கு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2017 இல் சொன்னது. நிறுவனர் ஜான்-குளோட் மாஸ் 2013 இல் நான்கு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். அகற்றுவது பற்றி அரசுகள் ஒத்துப்போகவில்லை: பிரான்ஸ் 2011 டிசம்பரில் சுமார் 30,000 பெண்களுக்கும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடும்படி கூறியது; பிரித்தானியா எல்லோரும் எடுக்கத் தேவையில்லை என்றது.

இரண்டாவது சம்பவத்தில் குழப்பியது ‘திரும்பப் பெறுதல்’ என்ற அறிவிப்பு. சொரசொரப்பான மேற்பரப்புள்ள அலர்கன் நிறுவனத்தின் ‘பயோசெல்’ வகை 2019 ஜூலை 24 இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உறையில் தோன்றும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோயே காரணம். அப்போது உலகளவில் 573 நோயாளிகளும் 33 மரணங்களும் பதிவாகியிருந்தன. ஆனால், அறிகுறி இல்லாதவர்கள் எடுக்க வேண்டியதில்லை என்றும் அதே அறிவிப்பு கூறியது. திரும்பப் பெறப்பட்டது அலுமாரியில் இருந்த பைதான். உடலில் இருப்பதைப் பற்றிய முடிவு பெண்ணிடமே விடப்பட்டது.

இலங்கையில் மருத்துவக் கருவிகளும் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பொறுப்பில் வருகின்றன. ‘பதிவு செய்யப்பட்டது’ என்றால் விற்க அனுமதி உண்டு. அது எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு அந்தச் சொல் பொறுப்பில்லை.

எப்போது உடனே போக வேண்டும்?

சத்திரசிகிச்சை நடந்து வருடங்கள் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால் தாமதிக்கக் கூடாது. மேற்சொன்ன நிணநீர்ப் புற்றுநோயின் வழமையான முதல் அடையாளம், உறைக்குள் நீர் கட்டி வரும் இந்த வீக்கம்தான். நீரை எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். எடுத்து ஊற்றிவிட்டால் பயனில்லை. காய்ச்சலுடன் மார்பு சிவந்து சூடானாலோ, தோல் மெலிந்து பை வெளித் தெரிந்தாலோ அன்றே வைத்தியசாலை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு காத்திருக்கும் விஷயம் இதில்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போகலாம். அங்கிருந்து மேலே அனுப்புவார்கள்.

இனி மற்றச் சிறு கேள்விகள். நுவரெலியா போன்ற உயரத்திலோ விமானத்திலோ பை வெடிக்குமா? வெடிக்காது.

கொழுந்து பறித்தால், சுமை தூக்கினால் கிழியுமா? காயம் ஆறி, வைத்தியர் அனுமதித்த பிறகு சாதாரண வேலையால் கிழியாது. பை நெஞ்சுத் தசைக்கு அடியில் இருந்தால் கையை அசைக்கும்போது மார்பும் அசைவது தெரியலாம்.

மெமோகிராம் எடுக்கலாமா? எடுக்கலாம், இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொன்னால் பையை ஒதுக்கி எடுப்பார்கள்.

ஓயாத அசதி, மூட்டுவலி இம்ப்ளான்டாலா? உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இல்லை. எடுத்த பின் சிலருக்குக் குறைந்திருக்கிறது.

சுகவனிதையர் கிளினிக்கில் காட்டலாமா? காட்டலாம், மார்பகப் பரிசோதனை அங்கு உண்டு, கிழிசலை அங்கே கண்டுபிடிக்க முடியாது.

எடுத்தால் இன்னொன்று வைக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை.

இத்தனைக்கும் தேவைப்படும் காகிதம் ஒன்று உண்டு. ஒவ்வொரு இம்ப்ளான்டின் பெட்டியிலும் சிறு ஸ்டிக்கர் வரும்: நிறுவனத்தின் பெயர், மாதிரி எண், தொடர் எண், எத்தனை சி.சி. என்ற அளவு. நாளை ஒரு வகை திரும்பப் பெறப்பட்டால், தம் உடலில் இருப்பது அதுதானா என்று அறிய வேறு சுலபமான வழி இல்லை. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும் முன் அதைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்கள், சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவில் தம் டயக்னோசிஸ் கார்டைக் காட்டிக் கேளுங்கள்; இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு.