செருப்பு மாட்டிய பூ!

‘நம்ம ரூம் பக்கம் வெயிலே எட்டிப் பார்க்காது. இதுல செடி வேறயா?’னு அலுத்துக்கற பார்ட்டியா நீங்க? அப்போ உங்களுக்காகவே ஒரு பூ இருக்கு. பேரு, ஸ்லிப்பர் ஆர்கிட்!

பூவோட முன்பக்க இதழ் அச்சு அசலா ஒரு குட்டிச் செருப்போட முன்பகுதி மாதிரி பை போல உப்பியிருக்கும். தாவரவியல் பேரு ‘பாஃபியோபெடிலம்’. கிரேக்கக் காதல் தேவதையின் ஊரான பாஃபோஸையும், செருப்பையும் சேர்த்து வெச்ச பேரு. பேருக்கேத்த மாதிரியே செம கேடி! பெரும்பாலான வகைகள்ல தேன் சுத்தமா கிடையாது. அழகுல மயங்கி வர்ற ஈ, வழுக்கிப் பைக்குள்ள விழுந்துடும். வெளியே வர பின்பக்கமா ஒரு சந்துதான் வழி. அதுல நுழைஞ்சு வரும்போது முதுகுல மகரந்தம் ஒட்டிக்கும். புத்தி வராம அடுத்த பூவுலயும் விழுந்தா... மகரந்தச் சேர்க்கை ஓவர்!

சரி, ரூம்ல எப்படி வளர்க்கறது?

வெளிச்சம்: காடுகள்ல மரநிழல்ல வளர்ற செடி இது. கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் போதும். உச்சி வெயில் நேரா பட்டா இலை கருகிடும்.

மண்: தோட்டத்து மண் கூடவே கூடாது. மரப்பட்டைத் துண்டுகளோட கொஞ்சம் அடுப்புக்கரி, பெர்லைட் கலந்தா போதும். பட்டை மக்கிப்போனா வேர் அழுகிடும். அதனால ஒண்ணு, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுக்கலவைக்கு மாத்தணும்.

தண்ணி: மத்த பல ஆர்கிட்களுக்கு தண்ணியைச் சேர்த்து வெச்சுக்க தடிமனான தண்டு இருக்கும். இதுக்கு அந்த சேமிப்பு கிடையாது. அதனால கலவை முழுசா காயவும் விடக்கூடாது, சொதசொதன்னும் இருக்கக்கூடாது. காலையில ஊத்துங்க. இலைகளுக்கு நடுவுல இருக்கற குருத்துல தண்ணி தேங்கினா அழுகிடும், ஜாக்கிரதை! உப்புத்தண்ணி ஆகாது, மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்தினா சந்தோஷமா வளரும்.

சூடு: புள்ளி புள்ளியா இலை இருக்கற வகைகளுக்கு பகல்ல 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் இதமா இருக்கும். ஊட்டி, கொடைக்கானல்காரங்க பச்சை இலை வகைகளையும் ட்ரை பண்ணலாம். சென்னை, மதுரைவாசிகளுக்கு அக்னி நட்சத்திரம்தான் நிஜமான எக்ஸாம். ரூம்லயே குளுமையான மூலையா பார்த்து மாத்துங்க. தட்டுல கூழாங்கல் பரப்பி, கொஞ்சம் தண்ணி விட்டு, மேல தொட்டியை வையுங்க. தொட்டியோட அடி தண்ணியைத் தொடக்கூடாது.

இவ்வளவும் செஞ்சா பூ உடனே வந்துடுமா? அங்கேதான் ட்விஸ்ட்! விதையிலிருந்து பூ வர மூணு முதல் அஞ்சு வருஷம், சிலதுக்கு அதுக்கும் மேல. ஒரு கிளை ஒரே ஒரு தடவைதான் பூக்கும். அடுத்த பூவுக்கு பக்கத்துல புதுக்கிளை வந்து வளரணும். ஆனா பூத்துட்டா, ஒண்ணுலேர்ந்து மூணு மாசம் வரைக்கும் வாடாது.

இந்தப் பொறுமை வியாபாரிகளுக்கு இல்லாததுதான் சோகம். தெற்கே நம்ம அகத்தியமலையில மட்டுமே வளர்ற ஒரு ஸ்லிப்பர் ஆர்கிட் இருக்கு. மஞ்சள் இதழ், நடுவுல பழுப்புக்கோடு. 1865-ல் கர்னல் ட்ரூரி கண்ணுல பட்டதால ‘பாஃபியோபெடிலம் ட்ரூரி’. கொத்துக்கொத்தா பிடுங்கி வித்ததுலயும், காட்டுத்தீயிலயும் சிக்கி, இன்னிக்கு அழிவின் விளிம்புல நிக்குது. வியட்நாம்ல 1999-ல் பேர் வெச்ச ஒரு வகையை, சில வருஷத்துக்குள்ளயே காட்டுலேர்ந்து கிட்டத்தட்ட துடைச்சு எடுத்துட்டாங்க. பிடுங்க ஒரு நிமிஷம்... அந்த இடத்துல இன்னொண்ணு பூக்க வருஷக்கணக்கு!

அதனாலதான் இந்த இனம் மொத்தமும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கு. காட்டுல பிடுங்கின செடியை நாடு விட்டு நாடு விக்கத் தடை. நம்ம நாட்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துலயும் இதுக்குப் பாதுகாப்பு உண்டு.

அப்போ எதை வாங்கலாம்? ‘மாடியே’ மாதிரி கலப்பினங்களை! 1900-ல் மனுஷன் உருவாக்கின ரகம் அது. எந்தக் காட்டுலயும் கிடைக்காது, பிடுங்கவும் முடியாது. புதுசா வளர்க்கறவங்களுக்கும் ஈஸி. தொட்டியில நல்லா வேர்விட்டு, பேர்ச்சீட்டோட இருக்கணும். வேர் பிய்ஞ்சு, இலையெல்லாம் கீறலும் பூச்சிக்கடியுமா, தொட்டியே இல்லாம குறைஞ்ச விலைக்கு நீட்டினா உஷார்!

விலை கேட்கறதுக்கு முன்னாடி, ‘அண்ணே, இது எந்த நர்சரியில வளர்ந்துச்சு?’னு கேளுங்க. பதில் வராம முழிச்சா... பாஸ், அப்படியே ஜூட்!