சுவரில் விழும் கோடு

பத்து வருஷம் ஓடிய காரை விலை பேசுகிறவர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரைக் குனிந்து பார்ப்பார்கள், ஏசியைப் போட்டுப் பார்ப்பார்கள். ஹெட்லைட் மஞ்சள் பூத்துக் கிடப்பதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பகலில்தானே வண்டி பார்க்கிறோம். வாலாஜாபாத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போதுதான் அந்தக் குறை தெரியவரும். எதிரே வரிசையாகக் கம்பெனி பஸ்கள், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள், ஓரத்தில் பின்விளக்கு இல்லாத சைக்கிள், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு. 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். மாடு கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 17 மீட்டர் தீர்ந்துவிடும்.

எங்கள் தெருத் தம்பி ஒருவர், ஒரகடத்தில் வேலை பார்க்கிறவர், டீ குடிக்கும்போது கேட்டார்: “அண்ணே, வெளிச்சமே பத்தல. பல்பை மட்டும் எல்.இ.டி.யா மாத்திட்டா போதும்ல?” நிறையப் பேர் மனதில் இருக்கும் கேள்வி இது. டீ ஆறினாலும் பரவாயில்லை, பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில், அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? அம்பாசிடர், பத்மினி காலத்து வட்ட ஹெட்லைட்டுக்கு முன்னால் இருந்தது நிஜக் கண்ணாடி. வருஷக்கணக்கில் வெயிலில் நின்றாலும் அது மஞ்சளாகாது. கல் பட்டால் உடையும், அவ்வளவுதான். இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். 1953இல் ஜெர்மனியில் ஒருவரும் அமெரிக்காவில் ஒருவருமாகத் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. எடை குறைவு, கல் பட்டாலும் சிதறாது, எந்த வளைவுக்கும் வார்க்கலாம். அமெரிக்காவில் 1983இல் விதி தளர்ந்த பிறகு கார்களின் முகப்புக்கு வந்து, மெல்ல உலகம் முழுக்கப் பரவியது. இதற்கு இருக்கும் பெரிய எதிரி வெயிலின் புறஊதாக் கதிர். அதைத் தாங்கத்தான் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். நம் ஊர் வெயிலில் ஷெட் இல்லாமல் நிற்கும் வண்டிக்கு அந்தப் பூச்சு சில வருஷங்களில் தேய்ந்துவிடும். பிறகு பிளாஸ்டிக்கே வெந்து மஞ்சளாகிறது.

மஞ்சள் பூத்தால் எவ்வளவு வெளிச்சம் போகிறது? ஏ.ஏ.ஏ. என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் அளந்து பார்த்தது. மங்கிப்போன விளக்கு டிம்மில் கொடுத்தது, புதிய விளக்கின் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தேய்த்துப் பாலிஷ் போட்டபோது சுமார் 70 சதவீதம் திரும்பி வந்தது. கம்பெனி அசல் யூனிட்டை மாற்றினால் முழுசாக வந்தது. வெளிக் கம்பெனி யூனிட்டில் 83 முதல் 90 சதவீதம் வரை வந்தது. ஆனால் அவற்றில் சில, ஒளி விழும் திசையில் தவறின.

ஆகவே மேல் பூச்சு மட்டும் போயிருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். வாட்டர் பேப்பரில் 1000, பிறகு 2000 நம்பர் எடுத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு, கடைசியில் புறஊதாக் கதிரைத் தடுக்கிற கிளியர் கோட் அடித்தால் நன்றாகவே வரும். கிளியர் கோட்டை விட்டுவிட்டால் சில மாதங்களில் பழையபடி ஆகும். பேஸ்ட் வைத்துத் தேய்ப்பதும் அப்படித்தான், சில வாரம் பளபளப்பு. உள்பக்கம் மங்கியிருந்தாலோ, பல்புக்குப் பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கருகி உரிந்திருந்தாலோ, மாட்டுகிற காது உடைந்திருந்தாலோ, உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தாலோ யூனிட்டையே மாற்றிவிடுவதுதான் சரி. காலைப் பனியில் உள்ளே லேசாக ஆவி படிந்து, விளக்குப் போட்டதும் மறைந்தால் கவலை வேண்டாம். காற்று போய்வர அதில் துளை வைத்தே செய்திருக்கிறார்கள்.

இப்போது தம்பியின் எல்.இ.டி. கேள்வி. ஒரு எச்-4 பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் குழிக் கரண்டி போல ஒரு சின்னத் தகடு இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் தடுப்பது அந்தத் தகடு. மேல்பாதியில் மட்டும் பட்ட ஒளி கீழ்நோக்கிச் சாலையில் விழுகிறது. எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஏறாமல் ஒரு கோடு போட்டது போல வெட்டி நிற்கிறது. இழை எந்த இடத்தில் எரிகிறது என்பதை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் வேறு அளவு, வேறு வடிவத்தில் ஒளி உமிழும் எல்.இ.டி. பல்பைச் செருகினால் கணக்கு குலைகிறது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிவதால் பிரகாசமாக இருப்பதாகத் தோன்றும். எதிரே பைக்கில் வருகிற ஆளுக்குச் சாலையே தெரியாது. 100/90 வாட் பல்பும் வேண்டாம். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போகும் வயரில் 8 ஆம்பியருக்கு மேல் போனால் கப்ளர் பழுப்பேறி உருகும். இரண்டுமே சட்டத்துக்கும் புறம்பு.

புது யூனிட் வாங்கும் கதைக்கு வருவோம். நம் பகுதிக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது, ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் சேர்ந்து தொடங்கிய ஆலை 2010 முதல் ஓடுகிறது. வாலாஜாபாத் ரயில் நிலையத்திலேயே புதுக் கார்கள் வேகனில் ஏறிப் போகின்றன. ஹெட்லைட் செய்கிற இந்தியா ஜப்பான் லைட்டிங் கூட திருமழிசைப் பக்கம் புதுச்சத்திரத்தில்தான் இருக்கிறது. ஜப்பானின் கொய்டோவும் நம் லூகாஸ் டிவிஎஸ்ஸும் சேர்ந்து தொடங்கியது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, அசல் சாமான் கிடைக்காது என்று சொல்லிக் கண்டதை வாங்க வேண்டியதில்லை. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புதுசு பார்க்கலாம். புதுப்பேட்டையில் பழசு வாங்குவதானால் காது, ரிஃப்ளெக்டர், அட்ஜஸ்ட் ஸ்க்ரூ மூன்றும் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே மாடலில், ஒளியை ஏற்றி இறக்கும் லெவலிங் மோட்டார் உள்ளது, இல்லாதது, புரொஜெக்டர், சாதா என்று பல வகை உண்டு. கப்ளரில் எத்தனை பின் என்பதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்க விளக்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் சாலை பாதி வெளிச்சம், பாதி இருட்டு.

வெளிநாட்டு யூனிட் யாராவது காட்டினால் ஒரு விஷயம் கவனியுங்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், அதனால் டிம் ஒளி இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும்படி செய்திருப்பார்கள். வலது பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கில் அது வலப்புறம் ஏறி, நேராக எதிராளியின் முகத்தில் அடிக்கும். ஐரோப்பிய முத்திரை உள்ள விளக்கில், முன்னால் நின்று பார்க்கும்போது வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது நம் மாதிரி நாட்டுக்கானது.

கழற்றுவது வண்டிக்கு வண்டி மாறும். சின்னக் கார்களில் பெரும்பாலும் மேலே இரண்டு போல்ட் தெரியும். கீழே இருக்கும் ஒன்றோ இரண்டோ பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தெரிகிற இரண்டைக் கழற்றிவிட்டு “வரலையே” என்று இழுத்துக் காதை உடைப்பவர்கள்தான் அதிகம். எனவே பம்பரை முழுசாகவோ, ஒரு பக்கமாகவோ விடுவிக்க வேண்டும். முதலில் விளக்கு, சாவி எல்லாம் அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். பானட்டைத் திறந்தால் கிரில் மேலே பட்டன் கிளிப் வரிசையாக இருக்கும். நடுக் குமிழை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் தூக்கினால் கிளிப் தானாக வரும். ஸ்டீயரிங்கை ஒடித்துவைத்தால் சக்கர வளைவுக்குள் பம்பரின் ஓர ஸ்க்ரூ கைக்கு எட்டும். பெயிண்ட் கீறாமல் இருக்க ஃபெண்டர் ஓரத்தில் மாஸ்கிங் டேப், தரையில் ஒரு பழைய போர்வை. பிறகு சக்கர வளைவுப் பக்கத்திலிருந்து பம்பரை வெளிப்புறமாகத் திடமாக இழுத்தால் ‘டக் டக்’ என்று லாக் விடும். ஃபாக் லைட் இருந்தால் அதன் கப்ளர் பின்னால் தொங்கும், மறக்காமல் கழற்றுங்கள். இதற்கு ஒரு ஆள் துணை தேவை.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் பெரும்பாலும் போதும். போல்ட்டைக் கழற்றி யூனிட்டை முன்பக்கமாக எடுத்து, கப்ளரின் லாக்கை அமுக்கி, உடம்பைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பழைய பல்பைப் புது யூனிட்டுக்கு மாற்றும்போது கண்ணாடியில் விரல் பட வேண்டாம். கை எண்ணெய் ஒட்டிய இடம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டால் ஸ்பிரிட்டில் துடைத்து விடலாம். பின்னால் போடும் ரப்பர் மூடியை விளிம்பு மடங்காமல் சுற்றிலும் விரலால் அழுத்தி உட்காரவையுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் இந்த மூடி சரியாக உட்காராததால்தான். பம்பரை மாட்டும் முன்பே பேட்டரியைக் கொடுத்து பார்க்கிங், டிம், பிரைட், இண்டிகேட்டர் நான்கையும் போட்டுப் பாருங்கள். போல்ட்டை முதலில் கையால் மட்டும் முடுக்கி, பானட்டை மெதுவாக இறக்கி, இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்பேனர் போடுங்கள். மாட்டுகிற காது பிளாஸ்டிக், அளவாக முடுக்கினால் போதும்.

ஜெனான் விளக்கு உள்ள வண்டியானால் வீட்டில் கை வைக்கவே கூடாது. எரியத் தொடங்கும்போது அதில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் பாயும். கம்பெனியிலேயே முழு எல்.இ.டி. யூனிட்டாக வந்த விலை உயர்ந்த மாடல்கள் சிலவற்றுக்கு கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதுவும் சர்வீஸ் சென்டர் வேலை.

இவ்வளவு ஆன பிறகு விளக்கு எரிந்ததும் பெரும்பாலானோர் கையைக் கழுவிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். யூனிட்டை மாட்டியது வேலையில் பாதி, ஒளியைச் சரியான உயரத்தில் நிறுத்துவது மறுபாதி. மெக்கானிக் கடைகளில் கூட இந்த மறுபாதியைச் செய்து தருகிறவர்கள் குறைவு. வீட்டில் செய்ய ஒரு சுவர், ஒரு டேப், கொஞ்சம் சாக்பீஸ் போதும்.

சமதளத்தில், நேரான சுவருக்கு எதிரே போங்கள். ரைஸ் மில் காம்பவுண்டு, கல்யாண மண்டபச் சுவர், எதுவானாலும் சரி. டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், டேஷ்போர்டில் லெவலிங் சக்கரம் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுப்புள்ளிக்கும் நேராகச் சுவரில் குறி போடுங்கள். பிறகு நேராகவே பின்னால் எடுத்து, விளக்குக்கும் சுவருக்கும் நடுவே 5 மீட்டர் விட்டு நிறுத்துங்கள். டிம் போட்டால் சுவரில் ஒரு கோடு விழும்: கீழே வெளிச்சம், மேலே இருட்டு. வலப்பக்கம் கிடைமட்டமாகப் போய், நடுக்குறிக்கு நேரே திரும்பி இடப்பக்கம் ஏறும். அந்தக் கிடைமட்டப் பகுதி குறியைவிட 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இது ஒரு சதவீதச் சரிவு. உங்கள் வண்டிக்கு 1.2, 1.3 என்று விளக்கின் உடம்பிலோ பானட்டுக்கு அடியிலோ அச்சிட்டிருந்தால் அந்தக் கணக்கையே எடுங்கள். ஒரு விளக்கைப் பார்க்கும்போது இன்னொன்றின் முன்னால் அட்டையைத் தள்ளிப் பிடியுங்கள். துணியைப் போர்த்தினால் பிளாஸ்டிக் சூடாகிவிடும். பின்னால் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவில் ஒன்று மேல்-கீழ், இன்னொன்று இட-வலம். கால் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள்.

“அண்ணே, அஞ்சு சென்டிமீட்டர்ல என்ன ஆகிடப் போகுது?” என்றார் தம்பி. விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீதம் கீழே சாய்ந்தால் ஒளி 65 மீட்டரில் தரையைத் தொடும். அதுவே ஒரு சதவீதம் மேலே தூக்கியிருந்தால் 50 மீட்டர் தூரத்தில் 115 சென்டிமீட்டர் உயரத்தில் போகும். எதிரே காரில் வருகிறவரின் கண் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஸ்க்ரூவில் சில சுற்றுதான், எதிரே வருகிறவருக்குச் சில நொடி கண் தெரியாது. நம் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 106ஆம் விதி இதை அளவோடு சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசவைக்கக் கூடாது. ஹெட்லைட் நடுவே போலீஸும் ஆர்.டி.ஓ.வும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது இதற்காகத்தான். ஒளியின் சரிவு தவறிய விளக்கை அந்த ஸ்டிக்கர் சரிசெய்துவிடாது.

பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்று கிளம்பினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அன்றைக்கு லெவலிங் சக்கரத்தை ஒன்றோ இரண்டோ திருப்பி ஒளியை இறக்குங்கள். அந்தச் சக்கரம் எதற்கென்றே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

புது யூனிட் மாட்டி ஒரு வாரம் மேடுபள்ளத்தில் ஓடிய பிறகு, அதே சுவரில் இன்னொரு முறை டிம் அடித்துப் பாருங்கள். போல்ட் இளகியிருந்தால் கோடு இறங்கியோ ஏறியோ காட்டிக்கொடுத்துவிடும்.