தீர்த்தன் ஆற்றில் பழுப்பு டிரவுட் மீன் பிடிக்க 4 மாதத் தடை ஏன்?

குலு: இமாச்சலப் பிரதேச மாநிலம் குலு மாவட்டத்தில் பாயும் தீர்த்தன் ஆறு, தூண்டில் மீன்பிடிப்போரிடையே புகழ்பெற்றது. ஆனால், ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை இங்கு டிரவுட் மீன் பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது. மற்ற மாதங்களிலும் மாநில மீன்வளத் துறையின் உரிமம் அவசியம்.

எங்கிருந்து வந்தது?

பழுப்பு டிரவுட் இந்தியாவின் பூர்விக மீன் அல்ல. ஐரோப்பாவிலிருந்து 1900-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேயர்களால் காஷ்மீருக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், 1909-இல் குலு பள்ளத்தாக்கை அடைந்தது. பெரும் இமாலய தேசியப் பூங்காவின் பனிமலைகளில் உற்பத்தியாகும் தீர்த்தனின் குளிர்நீர், அது இயற்கையாகவே பெருகுவதற்கு ஏற்றதாக அமைந்தது.

தடைக்குக் காரணம் என்ன?

குளிர்காலமே இம்மீனின் இனப்பெருக்கக் காலம். பெண் மீன் தன் வாலால் ஆற்றுப் படுகையின் கூழாங்கற்களைத் தோண்டி, முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடுகிறது. கற்களின் இடுக்குகளில் ஊடுருவும் நீரே முட்டைகளுக்கு ஆக்சிஜனை அளிக்கிறது. ஆற்றில் இறங்கி நடப்போரின் காலடி பட்டால் முட்டைகள் நசுங்கும். மண்ணும் சேறும் படிந்தால் அவை மூச்சுத் திணறி அழியும். எனவே, மீன் பிடிப்பதைத் தடுப்பது மட்டும் போதாது. மணல் அள்ளுவதும், சாலைப் பணிகளின் இடிபாடுகளை ஆற்றில் கொட்டுவதும் நிற்க வேண்டும்.

செயற்கைப் பூச்சித் தூண்டில்

‘ஃபிளை ஃபிஷிங்’ முறையில் புழுவோ, இரையோ பயன்படுத்தப்படுவதில்லை. இறகும் நூலும் கொண்டு பூச்சி வடிவில் செய்யப்பட்ட கொக்கியே இரையாகத் தோன்றுகிறது. எடையற்ற அந்தப் பூச்சியை, கனமான தூண்டில் கயிறே வீசும்போது முன்னே கொண்டுசெல்கிறது. பின்முள் இல்லாத கொக்கியைப் பயன்படுத்தி, ஈரக்கையால் மீனைப் பிடித்து உடனே நீரில் விட்டால், அது பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

மறுபக்கம்

உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் பழுப்பு டிரவுட் இடம்பெற்றுள்ளது. இமயமலையின் பூர்விக மீனான ‘ஸ்னோ டிரவுட்’ உடன் இரைக்கும் இடத்துக்கும் இது போட்டியிடுகிறது. பெயரில் ஒற்றுமை இருந்தாலும், ஸ்னோ டிரவுட் கெண்டை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே, பழுப்பு டிரவுட் இதுவரை எட்டாத ஓடைகளில் அதனைப் புதிதாக விடாமல் இருப்பதே பூர்விக மீன்களுக்குப் பாதுகாப்பு.

எனினும், குளிர்ந்த, தெளிந்த, தடையின்றி ஓடும் நீரும் சேறு படியாத கூழாங்கல் படுகையும் இரண்டு மீன்களுக்குமே தேவை. ஆறு கெட்டால் வந்த மீனும் வாழாது, சொந்த மீனும் வாழாது.