முழங்கும் புகை



களுதாவளையில் நின்று நோக்கினால், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நம்மை அணைத்து நிற்கின்றன. முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தருகே வாவியிலிருந்து எழும் இன்னொலியைச் செவியாரக் கேட்டவர்கள், இம்மண்ணை 'மீன்பாடும் தேன்நாடு' என்றனர். நீரோடு வாழ்ந்தவர்கள் மனமுவந்து இட்ட பெயர் அது.

அத்தகைய பெயரொன்று ஆப்பிரிக்காவிலும் உண்டு. சாம்பியா, சிம்பாப்வே நாடுகளின் எல்லையில், சாம்பேசி ஆறு ஏறத்தாழ 1,700 மீற்றர் அகலத்தில், 100 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வீழ்கின்றது. ஒடுங்கிய பள்ளத்தில் மோதும் நீர், நுண்துளிகளாய் மேலெழுந்து, 20 கிலோமீற்றர் தொலைவிலும் புகைபோலத் தோன்றும். அங்கு வாழ்ந்த கொலோலோ மக்கள் அதனை 'மோசி ஓவா துன்யா' என்றனர். 'முழங்கும் புகை' என்பது பொருள். கண் கண்டதும் செவி கேட்டதும் அப்பெயரில் அடங்கிவிட்டன.

1855 நவம்பரில் அவ்விடத்தை அடைந்த மறைப்பணியாளர் டேவிட் லிவிங்ஸ்டன் அப்பெயரை அறிந்திருந்தார். தம் நூலிலும் எழுதிவைத்தார். அடிமை வணிகத்தை எதிர்த்த நல்லவர் அவர். ஆயினும், தம் நாட்டு அரசியை நினைந்து 'விக்டோரியா' எனப் பெயர் சூட்டினார். அவ்வரசியோ அந்நீர்வீழ்ச்சியை ஒருநாளும் கண்டவரல்லர். உலகப் படங்களில் அவர் பெயரே நிலைபெற்றது. எனினும் 1989இல் யுனெஸ்கோ தனது உலக மரபுரிமைப் பட்டியலில் இரு பெயர்களையும் சேர்த்தே பொறித்தது. சாம்பியாவின் பக்கத்திலுள்ள தேசியப் பூங்காவும் மக்களிட்ட பெயரையே தாங்கி நிற்கின்றது.

நம் ஊரின் கதையும் இதற்கு அயலானதன்று. 1628இல் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பினர். 1638இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அந்நியர் நாவில் 'மட்டக்களப்பு' திரிந்து, ஆங்கிலத்தில் 'பற்றிக்கலோ' ஆயிற்று. களப்பு என்பது கடலோடு கலக்கும் ஆழங்குறைந்த நீர்நிலை. திரிந்த பெயரில் ஓசையின் சாயல் எஞ்சியது, வாவி மறைந்துபோயிற்று.

பாபிலோன் அரண்மனையில் தானியேலுக்கும் வேற்றுப் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் திருவிவிலியத்தில் அவரது நூல் 'தானியேல்' என்றே விளங்குகின்றது. தாய் தந்தையர் இட்ட பெயர் அழியவில்லை.

இன்று நம் பிள்ளைகள் பலர் தொலைதேசங்களில் வளர்கின்றனர். வாவியின் ஒவ்வொரு துறைக்கும் திட்டுக்கும் குளத்திற்கும் நம் முதியோர் நாவில் பெயருண்டு. அவற்றை எந்தப் படத்திலும் தேடிக் காண இயலாது. கேட்டு வைக்காவிடில் அவர்களோடு அவையும் மறையும். இன்று மாலைச் செபம் முடிந்ததும், பிள்ளைகளைப் பாட்டன் பாட்டியரின் அருகே அமர்த்துங்கள். ஒரு பெயரையேனும் அதன் பொருளோடு கேட்டறியச் செய்யுங்கள்.