மடியில் மழலை, வானில் பயணம்

நள்ளிரவு கடந்த நேரத்தில் சென்னைப் பன்னாட்டு விமான நிலையத்தின் வாயிலில் சற்றே நின்று பார்த்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். பயணம் செல்வோர் மூவர். வழியனுப்ப வந்தோர் பதினைவர். அவர்கள் நடுவே, உறக்கம் கலைந்த ஒரு குழந்தை பாட்டியின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு விட மறுக்கும். இலண்டனிலோ டொராண்டோவிலோ பிறந்து, முதன்முறையாகத் தாத்தா பாட்டியைக் கண்டு, மூன்றே வாரங்களில் அவர்களோடு ஒட்டிக்கொண்ட குழந்தை அது. இனி அடுத்த சந்திப்பு எப்பொழுது? அதைத் தீர்மானிப்பது பாசம் மட்டுமன்று, விமானக் கட்டணமுந்தான்.

குடும்பங்கள் கடல்கடந்து பிரிந்து வாழும் இந்நாளில், சிறு குழந்தையோடு நெடுந்தூரம் விமானப் பயணம் செய்வது செல்வர்களின் ஆடம்பரம் அன்று. நடுத்தரக் குடும்பங்களுக்கும் நேரும் ஒரு கட்டாயம். எனவே, அதன் செலவைப் பற்றியும், அதில் கடைப்பிடிக்க வேண்டிய பண்பாட்டைப் பற்றியும் சிறிது சிந்திப்போம். நம் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கும் நில்லாமல் பறந்தாலும் பத்து மணி நேரத்திற்கு மேலாகும் பயணம் அது. நம் பக்கத்து இருக்கையில் ஓர் இளம்பெண். அவள் மடியில் இரண்டு வயது நிரம்பாத ஆண் குழந்தை. விமானம் மேலெழும்பியதும் குழந்தை அழத் தொடங்கியது. பின்வரிசையில் இருந்தவர் பணிப்பெண்ணை அழைத்துத் தமக்கு வேறிடம் கேட்டார். நாமோ கையிலிருந்த நூலை விரித்து அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டோம். அப்பெண் மூன்று முறை, "மன்னிக்க வேண்டும் ஐயா" என்றாள். மூன்று முறையும் "பரவாயில்லை அம்மா" என்றோம். ஆனால் நூலிலிருந்து கண்ணை எடுத்தோமில்லை.

உணவு வந்தது. மடியில் குழந்தை கிடந்தமையால், முன்னிருந்த பலகையை அவளால் விரிக்க இயலவில்லை. உணவு வந்தவாறே திரும்பிப் போயிற்று. அதையும் கண்டோம், கண்டும் காணாதவராய் இருந்தோம்.

ஆறேழு மணி நேரம் கழிந்தபின், நடைவழிக்கு அப்பாலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து வந்தார். இரு கைகளையும் நீட்டி, "பிள்ளையை இப்படிக் கொடம்மா. நீ போய் முகம் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வா. நான் வைத்திருக்கிறேன்" என்றார். அப்பெண்ணின் கண்கள் கலங்கின. விமானம் புறப்பட்டது முதல் அவள் இருக்கையை விட்டு எழவேயில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. முழங்கை படும் தொலைவில் இருந்த நமக்குத் தோன்றாத உதவி, நடைவழிக்கு அப்பால் இருந்தவருக்குத் தோன்றிற்று!

பின்னர் அவள் தன் நிலையைச் சொன்னாள். ஊரில் தந்தைக்கு உடல்நலமில்லை. கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. "அடுத்த மாதம் இவனுக்கு இரண்டு வயது முடிகிறது ஐயா. அதற்குமேல் இவனுக்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும், எங்களால் முடியாது. அதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். அப்பா இவனை ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா?"

இரண்டு வயது என்னும் எல்லை

அவள் சொன்ன கணக்கு பல குடும்பங்களின் கணக்கு. இரண்டு வயது நிரம்பாத குழந்தை பெற்றோரின் மடியிலேயே பயணம் செய்யலாம். பன்னாட்டுப் பயணங்களில் அதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கும், அதனோடு சில வரிகளும் பெறுகின்றன. இரண்டாம் பிறந்தநாள் வந்துவிட்டாலோ தனி இருக்கை கட்டாயம். அதற்குச் சில நிறுவனங்கள் முக்கால் கட்டணமும், சில ஏறக்குறைய முழுக் கட்டணமும் பெறுகின்றன.

ஒரு கணக்குக்காகப் பெரியவர் கட்டணம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தாய், தந்தை, மடிக்குழந்தை ஆகிய மூவருக்கும் 1,26,000 ரூபாய். அதே குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தபின், முக்கால் கட்டணமாயினும் 1,65,000 ரூபாய். ஒரு பிறந்தநாளின் விலை 39,000 ரூபாய்!

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பயணச்சீட்டு வாங்கும் நாளில் உள்ள வயது கணக்கில்லை. பறக்கும் நாளில் உள்ள வயதே கணக்கு. போகும்போது இரண்டு வயது நிரம்பாமலிருந்து, திரும்புவதற்குள் நிரம்பிவிட்டால், திரும்பும் பயணத்திற்குத் தனி இருக்கை வாங்கியே தீரவேண்டும். இதையறியாமல் கடைசி நேரத்தில் கலங்குவோர் பலர். மடிக்குழந்தையாயினும் அதற்கெனத் தனிக் கடவுச்சீட்டும், தேவையான நாடுகளுக்கு விசாவும் வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

மடி போதுமா?

தாயின் மடியினும் பாதுகாப்பான இடம் உண்டோ என்று கேட்கலாம். தரையில் அது உண்மை; வானில் அவ்வாறன்று. 1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், டென்வரிலிருந்து சிகாகோவிற்குப் புறப்பட்ட விமானமொன்று, எந்திரம் பழுதுற்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள சூ சிட்டி விமான நிலையத்தில் தரையிறங்குகையில் நொறுங்கியது. அதிலிருந்த 296 பேரில் 112 பேர் மாண்டனர். தனி இருக்கையின்றி வந்த குழந்தைகள் நால்வர். அக்காலத்து நடைமுறைப்படி, அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் பெற்றோருக்குக் கூறினார். அவர்களுள் ஒரு குழந்தை உயிரிழந்தது. உயிர் தப்பிய அம்மாது, எல்லாக் குழந்தைகளுக்கும் தனி இருக்கை வேண்டுமெனப் பல்லாண்டுகள் குரல்கொடுத்து வந்தார்.

அந்நாட்டின் விபத்து விசாரணை வாரியமும் அதையே பரிந்துரைத்தது. ஆனால், விமானப் போக்குவரத்து ஆணையம் அதைக் கட்டாயமாக்கவில்லை. கூடுதல் கட்டணம் கொடுக்க இயலாத குடும்பங்கள் காரில் செல்லத் தலைப்படும். சாலைப் பயணமோ வான்பயணத்தைவிட ஆபத்தானது என்பது அதன் வாதம். பாதுகாப்பைப் பற்றிய விவாதமும் இறுதியில் செலவிலே வந்து நிற்பதைக் காண்கிறோம். நம் அறிவுரை இதுவே: இயலுமானால் தனி இருக்கை வாங்குங்கள். இயலாவிடின், விமானத்தில் குழந்தைக்கெனத் தனி வார் கொடுத்தால் அதை முறைப்படி அணிவியுங்கள். ஒரே வாரால் உங்களையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டாதீர்கள்; விமானம் குலுங்கினால் உங்கள் பாரம் முழுவதும் குழந்தையின்மேல் விழும்.

முன்வரிசையில் மாட்டப்படும் தொட்டிலை நம்பிச் செல்வோரும் உளர். அது சிசுக்களுக்கு ஏற்றது. எடை வரம்பும் உண்டு. நடக்கத் தொடங்கிய குழந்தைக்குப் பெரும்பாலும் அது போதாது.

பெற்றோரின் கடமைகள்

குழந்தை வேண்டுமென்று அழுவதில்லை. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்றது. நம் கொடைக்கானல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி. அத்தகைய உயரத்திலிருந்து அரை மணி நேரத்திற்குள் சமவெளிக்கு இறங்கினால் காது என்ன பாடுபடும்! காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குறுகலானது. ஆதலால் வலி மிகுதி. விமானம் இறங்கத் தொடங்குமுன் குழந்தையை எழுப்பி, பாலோ நீரோ பருகக் கொடுத்தால், விழுங்கும்போது காதின் அடைப்பு நீங்கும். சளியும் காதுவலியும் உள்ள குழந்தையை மருத்துவரிடம் காட்டாமல் அழைத்துச் செல்லலாகாது. 2006-ஆம் ஆண்டு முதல் பல விமான நிலையங்களில் கைப்பையில் கொண்டுசெல்லும் நீர்மப் பொருளுக்கு 100 மில்லிலிட்டர் வரம்பு உண்டெனினும், பயணத்திற்குத் தேவையான குழந்தையின் பாலுக்கும் உணவிற்கும் விலக்கு அளிக்கப்படுகிறது.

உறங்கவைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் கலந்த மருந்தை நான்கு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்துள்ளது. நம் வசதிக்காகக் குழந்தையின் உயிரோடு விளையாடலாமோ?

இனி அண்டையில் இருப்போரை எண்ணிச் செய்ய வேண்டியவை. முன்னிருக்கையைக் குழந்தை உதைத்தால் உடனே தடுங்கள். கைப்பேசியில் பாட்டும் படமும் ஊரறிய ஒலிக்க வேண்டா. ஈரத் துணியைக் கழிவறையிலேயே மாற்றுங்கள்; இருக்கையில் மாற்றுதல் தகாது. சூடான தேநீரை மடிக்குழந்தையின் தலைக்குமேல் ஏந்தாதீர்கள். இடம் மாற்றித் தருமாறு பிறரைக் கேட்கலாம். அதை உரிமையாகக் கோரலாகாது. பன்னிரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு, உடன் வரும் பெற்றோருள் ஒருவரின் அருகிலேனும் இடம் தரவேண்டுமென 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனங்களைப் பணித்துள்ளது. பயணச்சீட்டு வாங்கும்போதே அதைக் கேட்டுப் பெறுங்கள்.

மற்றவர்களின் கடமைகள்

அமைதியை விரும்புவது குற்றமன்று. 2013-ஆம் ஆண்டில் ஏர் ஏசியா எக்ஸ், ஸ்கூட் ஆகிய நிறுவனங்கள் பன்னிரண்டு வயதிற்குட்பட்டோர் அமர இயலாத தனிப் பகுதிகளை ஏற்படுத்தின. 2019-ஆம் ஆண்டில் ஜப்பான் ஏர்லைன்ஸ், இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகள் அமரும் இடங்களை இருக்கை வரைபடத்தில் காட்டத் தொடங்கியது. அமைதி வேண்டுவோர் இத்தகைய வழிகளை நாடலாம். அவற்றை நாடாமல் வந்து அமர்ந்தபின், தாயைக் குற்றவாளியாக நோக்குவது எவ்வகையில் நியாயம்?

அதே 2019-ஆம் ஆண்டில், சியோலிலிருந்து சான் பிரான்சிஸ்கோவிற்கு நான்கு மாதக் குழந்தையோடு பயணம் செய்த ஒரு தாய், காதடைப்பான்களும் இனிப்பும் மன்னிப்புக் கடிதமும் அடங்கிய இருநூறுக்கும் மேற்பட்ட சிறு பைகளைச் சக பயணிகளுக்கு வழங்கினார். உலகம் அவரைப் பாராட்டியது. அத்தாயின் நல்லுள்ளத்தை நாமும் போற்றுகிறோம். ஆயினும் நம் மனம் உறுத்துகிறது. அழாத குழந்தைக்காக முன்கூட்டியே மன்னிப்பு வேண்டி, அதற்குப் பொருளும் செலவிட வேண்டிய நிலைக்கு ஒரு தாயை ஆளாக்கியது யார்? நூலுக்குள் முகம் மறைத்துக்கொண்ட நம்மைப் போன்றவர்கள் அல்லரோ?

நாம் செய்யக்கூடியவை சிறியவை. அவள் பையை மேலே வைத்துக் கொடுக்கலாம். உணவுத் தட்டைச் சிறிது நேரம் நம் பலகையில் வாங்கி வைக்கலாம். அவள் விரும்பினால் கால்மணி நேரம் குழந்தையை ஏந்திக்கொள்ளலாம். கேளாமல் கன்னத்தைக் கிள்ளுவதும், மிட்டாய் கொடுப்பதும் வேண்டா. அது அன்பாயினும் தாய்க்குச் சங்கடம். பெற்றோரின் கடமை முன்னேற்பாடு. அருகிருப்போரின் கடமை பொறுமை. இவ்விரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அன்று விமானம் சென்னையை நோக்கி இறங்கத் தொடங்கியதும் குழந்தை மீண்டும் வீறிட்டது. இம்முறை நாம் நூலை மூடிவைத்தோம். தாய் பால்புட்டியைத் தேடி எடுக்கும்வரை குழந்தையை ஏந்திக்கொண்டோம். அது நம் சட்டையைக் கண்ணீரால் நனைத்தது, குறையொன்றுமில்லை.

வெளிவாயிலில் சக்கர நாற்காலியில் மெலிந்த முதியவர் ஒருவர் காத்திருந்தார். பேரனை அவர் மடியில் வைத்தார்கள். புதுமுகத்தைக் கண்ட குழந்தை ஓவென்று அழுதது. அங்கே ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை.