சின்னப் பெண்ணுக்கு ஒரு பாட்டு

ஒரே ஒரு பாட்டு, நாற்பது வருடம் தாண்டியும் குழந்தைகளுக்காகச் சம்பாதித்துக்கொண்டே இருக்குமா, நேயர்களே?

இருக்கிறதே! ஸ்வீடன் நாட்டு 'அபா' குழுவின் 'சிக்கிடீட்டா'தான் அந்தப் பாட்டு. ஸ்பானிய மொழியில் இதற்குச் சின்னப் பெண் என்று அர்த்தம். மனம் உடைந்துபோன தோழியைப் பக்கத்தில் உட்கார்த்தி ஆறுதல் சொல்கிற பாட்டு.

1979-ஆம் ஆண்டு சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. அந்த ஜனவரியில், நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபை மண்டபத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. நாடுகளின் தலைவர்கள் உரையாற்றும் மேடையில், அன்றைக்குப் பாப் பாடகர்கள்! 'பீ ஜீஸ்' சகோதரர்களும் வந்திருந்தார்கள். அங்கேதான் அபா குழு இந்தப் பாட்டைப் பாடி, அதன் உரிமைத்தொகையில் பாதியை ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யூனிசெஃபுக்குக் கொடுத்தது. ஒரு நாள் வசூலைக் கொடுப்பது வேறு. பாட்டு ஒலிக்கும் காலமெல்லாம் பங்கு கொடுப்பது வேறு. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

பிறகு ஸ்பானிய மொழியிலும் பாடினார்கள். லத்தீன் அமெரிக்காவே கொண்டாடியது. பின்னாளில் யூனிசெஃபுக்குக் கிடைத்த அந்த உரிமைத்தொகை, அதே லத்தீன் அமெரிக்காவில், குவாதமாலா நாட்டுச் சிறுமிகளின் நலனுக்குப் போய்ச் சேர்ந்தது.